கோதில் விழுந்த கோடு

என் அக்காவைக் கட்டுவதற்கு அத்தான் சிவராமுக்கு ஒரேயொரு புகைப்படம் போதுமாயிருந்தது. ஒரு துவக்கு ரவையைத் தெரிவு செய்ய அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அக்கா சுந்தரேஸ்வரி இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சொல்வதில்லை.

அத்தான் ஜெர்மனியில், பீலெஃபெல்டில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்கிறார். இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்தெடுப்பது தொழில். மற்ற நேரத்தில் அதுவே வியாதி. கோயில் வாசலில் செருப்பைக்கூடச் சுவரோடு நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எங்கள் சனம் கூடுகிற இடங்களில் ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். வேலையிடத்தில் யாரோ கூட்டிப்போய், ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் துப்பாக்கிச் சுடுகழகத்தில் சேர்த்துவிட்ட பிறகுதான் மனிதர் வாய் திறந்து பேசத் தொடங்கினார்.

எங்கள் ஆட்களுக்கு அது நல்ல பகிடி. "அங்க தூக்காத துவக்கை இங்க வந்து தூக்கிறார்" என்றார்கள். கழகத்து ஜெர்மன்காரர்களோ, இலங்கைத் தமிழன் என்றதும், இவர் சண்டையில் சுட்டுப் பழகியவர் என்று தாங்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பிழை. அத்தான் காற்றுத் துவக்கைக்கூட இந்த நாட்டில்தான் முதன்முதலாகத் தொட்டவர்.

கார் ஓட்டுவதென்றால் அவருக்குப் பயம். நான் கிழமை முழுக்கப் பார்சல் வான் ஓட்டுகிறவன், சனிக்கிழமை அவருக்கும் நானே சாரதி. முந்நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு கடதாசி வட்டம். அதை ஓட்டையாக்குவதற்கு வயது போன மனிதர்கள் குப்புறப் படுத்துக்கொண்டு மூச்சைப் பிடிப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். அத்தானின் கனவு அதைவிடத் தூரம். கோடையில் கழகத்தார் எல்லை தாண்டி ஓர் ஆயிரம் மீற்றர் தளத்துக்குப் போவார்கள். சொந்தத் துவக்கோடு அங்கே போக வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வேறு ஆசை எதையும் அந்த மனிதர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜெர்மனியில் துவக்கு வாங்குவது கத்தரிக்காய் வாங்குவது மாதிரி இல்லை. கழகத்தில் ஒழுங்காகச் சுட்டிருக்க வேண்டும், பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், வீட்டில் இரும்புப் பெட்டகம் வேண்டும். எந்த அளவு ரவை சுடுகிற துவக்கு என்பதும் அனுமதி அட்டையில் ஏறும். ஆகவே முதலில் ரவையைத் தீர்மானிக்க வேண்டும். அதில்தான் அத்தான் இரண்டு ரவைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்.

"ரெண்டும் கடதாசியிலதானே ஓட்டை போடுது. இதில என்ன யோசனை, அத்தான்?" என்று ஒருநாள் காரில் கேட்டுவிட்டேன்.

"அப்பிடி இல்லை, மச்சான். .308 முந்நூறு மீற்றரில நல்லாப் போகும். ஆயிரத்தில களைச்சுப்போடும், காத்து அதை இழுத்துக்கொண்டு போயிடும். 6.5 கிரீட்மோர் மெல்லிசான நீளச் சன்னம். காத்தை வெட்டிக்கொண்டு போகும், தோளிலயும் பெரிசா அடியாது. ஆனா துவக்கின்ர குழல் கெதியாத் தேஞ்சுபோகும்."

"அப்ப அந்தப் பெரிசு?"

"முந்நூறு மக்னமோ? அது கழுதை மாதிரி உதைக்கும். எனக்கு வேண்டாம்."

வீடு வந்து சேரும்வரைக்கும் காற்று, குழல், சன்னத்தின் நிறை என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு வந்தார். அக்காவோடுகூட அவர் அவ்வளவு நேரம் கதைத்து நான் கண்டதில்லை.

கழகத்தில் பயிற்சி கொடுக்கிறவர் டொறத்தி என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. முதல் துவக்கு .308 ஆக இருக்கட்டும் என்று அவர் அத்தானிடம் சொன்னார். ரவை எந்தக் கடையிலும் கிடைக்கும், குழல் நெடுநாள் உழைக்கும். காற்றைப் பிழையாகக் கணித்தால் அந்த ரவை உடனே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் காற்றை வாசிக்கப் பழகலாம் என்றார். அத்தான் பல கிழமை மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு கடைசியில் சம்மதித்தார். பெட்டகம் வாங்கி நிலவறையில் வைத்தாயிற்று. Antrag என்கிற விண்ணப்பத்தை நிரப்பி, .308 என்று எழுதியும் ஆயிற்று.

இங்கே அத்தானின் அண்ணன் தவநேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்தாறில் ஊரில், வீட்டுக் கிணற்றடியில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அத்தானுக்குப் பதினான்கு வயது. ஆமி சுட்டது என்று இயக்கம் சொன்னது, ஊரும் அதையே சொன்னது. எந்த இயக்கம் என்பது இப்போது எதற்கு. அந்தக் காலத்தில் இயக்கங்களுக்கா பஞ்சம்? வருடா வருடம் இங்கே எங்கள் ஊர்ச் சங்கம் நடத்தும் நினைவுநாளில் தவநேசனின் படமும் மேசையில் இருக்கும். விளக்கேற்றுகிறவர் செல்வராசா அண்ணை. அவர் அதே இயக்கத்தில் இருந்த காலத்தில், பொலிசிடம் பறித்த ஜீத்திரீ துவக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவர். எங்கள் பக்கத்தில் அந்தச் சாதித் துவக்கு அவரிடம் மட்டும்தான் இருந்தது. பக்கத்து முகாம் ஆமிக்காரர் வைத்திருந்தது எஸ்.எல்.ஆர். துவக்கு. 'ஜீத்திரீ செல்வம்' என்றால்தான் ஆட்களுக்கு விளங்கும். தவநேசனின் படத்துக்கு முதல் பூ அவர் போடுவார். அடுத்த பூ அத்தான்.

Antrag பையோடு கழகத்துக்குப் போன சனிக்கிழமை, எங்களுக்கு முன்னர் ஒரு பழைய படைவீரர் சங்கம் அங்கே சுட்டுவிட்டுப் போயிருந்தது. நிலமெல்லாம் சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகள். கூட்டித் துடைக்கக் குனிந்த அத்தான் ஒன்றை எடுத்தார். எடுத்தவர் நிமிரவில்லை. கோதின் வாய்ப்பக்கம் சுற்றிவர, சீப்பால் இழுத்தது மாதிரிக் கறுப்புக் கோடுகள்.

டொறத்தி அதைப் பார்த்துவிட்டு, அது ஜீத்திரீ வகைத் துவக்கில் சுட்ட கோது என்று சொன்னார். சுட்ட கோது உள்ளே ஒட்டிக்கொள்ளாமலிருக்க அந்தத் துவக்கின் உள்வாயில் சின்னச் சின்னப் பள்ளமாகத் தவாளிப்பு வெட்டியிருப்பார்களாம், கோடு அதனால் விழுகிறதாம்.

"எஸ்.எல்.ஆரில்?" என்று அத்தான் கேட்டார்.

ரவை அதே ஏழு புள்ளி ஆறு ரெண்டுதான், .308க்கும் அதற்கும் கோது ஒன்றுதான், ஆனால் எஸ்.எல்.ஆரில் இருந்து கோது மழமழவென்று வரும் என்றார் டொறத்தி. அத்தான் அன்று சுடவில்லை. காரில் ஏறியதும் சொன்னார்.

"அண்ணைக்குப் பக்கத்தில ஒரு கோது கிடந்தது, மச்சான். நான்தான் எடுத்தனான். இதே கோடு. கரியெண்டு நினைச்சு நகத்தால சுரண்டிப் பாத்தன், போகேல்லை. ஐயா கண்டிட்டுப் பறிச்சுக் கிணத்துக்குள்ள எறிஞ்சிட்டார்."

"மாமாவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

அத்தானின் தகப்பனைத்தான் நான் கேட்டது. இத்தனை வருடமாக அந்தப் படத்துக்கு யார் கையால் பூ விழுந்தது என்று நினைக்க நினைக்க, வானை அந்தாளின் வீட்டுக்குள் விட்டு ஏற்ற வேண்டும் போலிருந்தது. அத்தான்தான் என்னை அடக்கினார். "அளந்து பாக்காமல் ஒண்டும் சொல்லக்கூடாது. நான் கேக்கிறன்."

கேட்பதற்கு அவர் தேடிப்போகத் தேவையிருக்கவில்லை. அடுத்த வெள்ளி, கோயில் அன்னதானப் பந்தியில் செல்வராசா அண்ணையே எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்ன சிவராம், துவக்கு வாங்கப் போறியாம். என்ன ரவை?"

"யோசிக்கிறன், அண்ணை."

"இதில யோசிக்க என்ன கிடக்கு? ஏழு புள்ளி ஆறு ரெண்டு. நான் கொண்டு திரிஞ்சது. பட்டவன் எழும்பான்."

"உங்கட துவக்கு கோதில கோடு போடுமல்லோ?"

செல்வராசா அண்ணைக்கு முகமெல்லாம் சந்தோசம். "ஓமோம், உனக்கு எப்பிடித் தெரியும்? கோதைப் பாத்தே இது செல்வம் அண்ணையின்ர எண்டு பொடியள் சொல்லுவாங்கள்." சொல்லிக்கொண்டே ரசம் ஊற்றுகிறவருக்குக் கை காட்டினார்.

"எங்கட கிணத்தடியிலயும் ஒண்டு கிடந்தது, அண்ணை."

ரசம் சோற்றை நிறைத்து இலையின் ஓரத்தால் வழிந்தது. அவர் அதைக் கையால் மறித்து, ஒரு வாய் சாப்பிட்டு, விழுங்கினார். இல்லை என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

"அதுகளை இப்ப ஏன் தம்பி கிளறுறாய்?" என்றார். "அவனை நான் எவ்வளவு மரியாதையா வைச்சிருக்கிறன். முதல் பூ நான்தானே போடுறன்."

அத்தான் இலையை மடித்துவிட்டு எழும்பினார். நானும் எழும்பினேன். எங்களுக்கு அதற்கு மேல் ஏலவில்லை.

மறுநாள் வழக்கம்போலக் கழகத்துக்குப் போனோம். அத்தான் கழகத்துத் துவக்கோடு குப்புறப் படுத்துத் தொலைநோக்கிக்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு சுடாமலே ரவையை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, Antrag கொடுக்கப் போவதில்லை, கழகத்துக்கும் இனி வரமாட்டேன் என்று டொறத்தியிடம் சொன்னார். பாவம் அந்த மனுசி, .308 பிடிக்கவில்லை என்றால் 6.5ஐ எடுக்கலாமே என்று வாசல்வரை பின்னால் வந்தது. ரவையில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிக் கை கொடுத்துவிட்டு வந்து காரில் ஏறினார்.

"உங்களுக்கென்ன விசரே, அத்தான்? அந்தாளுக்காக நீங்கள் ஏன் இதை விடவேணும்?"

"உள்ளுக்க வட்டம் தெரியேல்லை, மச்சான். அந்தாள் இருந்து சாப்பிடுறது தெரிஞ்சுது." கையை விரித்துப் பார்த்தார். "கை நடுங்கவேயில்லை. அதுதான் பயமாக் கிடந்தது."

ஒரு மனிதனிடம் அண்ணனைப் பறித்தது காணாதென்று, வயது போன காலத்தில் அவன் தேடிப்பிடித்த ஒரேயொரு சந்தோசத்தையும் ரசம் குடித்துக்கொண்டே பறிக்க ஒருவனால் முடிந்திருக்கிறது. சட்டத்தை மதிக்கிற, செருப்பை நேராக வைக்கிற மனிதர் துவக்கை வைத்துவிட்டு வந்தார். துவக்கால் பெயர் எடுத்தவர் கோயிலில் பந்தி விசாரித்துக்கொண்டு திரிகிறார். இதைச் சங்கத்தில் எழும்பிச் சொல்லுவோம் என்று அத்தானிடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். "ஆர் நம்புவினம்? என்னட்டக் கோதும் இல்லை" என்கிறார்.

இந்த வருட நினைவுநாளுக்கு அவர் வரவில்லை. அன்று காலையில் மண்டபம் திறந்தவுடன் போய், மேசையில் இருந்து தவநேசனின் படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். துவக்குக்கென்று வாங்கிய பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். அக்கா ஏன் என்று கேட்டு அழுதாள். அவளிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

மண்டபத்துக்கு நான் மட்டும் போனேன். அந்தாளின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே முன்வரிசையில் போய் இருந்தேன். செல்வராசா அண்ணை வேட்டி சால்வையோடு, முதல் பூவை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். தவநேசனின் படம் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த பூவைப் பக்கத்துப் படத்துக்குப் போட்டுவிட்டு விளக்கேற்றப் போனார்.