கச்சான் காற்றில் ஒலிபெருக்கி

எந்தத் தலைப்பானாலும், எந்த அணியானாலும் பத்து நிமிடம் பேசி வெல்வேன் என்ற இறுமாப்போடு பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நான் படித்துக்கொண்டிருந்த காலம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் கோயில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடந்தது. வகுப்புத் தோழன் ஒருவனின் தந்தைக்கு அதில் ஒரு படகு. இரண்டு ஆண்டுகளாகத் தோற்றிருந்த அவர், மூன்றாம் முறையும் தோற்றால் போட்டியையே விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார். ஒலிபெருக்கியில் வருணனை செய்யத் தோழன் என்னை அழைத்துப் போனான். கடலை அதுவரை நான் உவமையாக மட்டுமே பயன்படுத்தியிருந்தேன்.

நான் மேடையேறியதும் ஆண்கள் அனைவரும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். அந்த மரியாதையில் என் நெஞ்சு நிமிர்ந்தது.

மேற்கிலிருந்து கச்சான் காற்று கடலை நோக்கி வீசியது. போகும்போது குழப்பமில்லை. காற்று பின்னிருந்து தள்ள, எட்டுப் படகுகளும் கடலில் மிதந்த பீப்பாயை நோக்கி நேராக ஓடின. அதைச் சுற்றித் திரும்பியதும்தான் என் அறிவு தடுமாறியது. கரைக்கு வரவேண்டியவர்களில் ஒருவர்கூடக் கரையை நோக்கி வரவில்லை! எதிர்காற்றில் பாய் நேராக ஏறாது, குறுக்கே வெட்டி வெட்டித்தான் வரவேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முன்னணியில் இருந்த இரண்டில் சிவப்புப் பாய் தெற்கே போனது. தோழன் வீட்டு நீலப் பாய் தனியே வடக்கே விலகியது.

“அன்பார்ந்த பெருமக்களே! நீலப் பாய் பாதை மறந்தது! இலக்கு மேற்கே இருக்க, அது வடக்கே உடைமரக் காட்டோரம் புடைத்துச் சாய்ந்து பறக்கிறது! என்னே விந்தை!” என்று முழங்கினேன்.

சொல்லி வாய் மூடவில்லை, சிவப்புப் பாயும் திரும்பி வடக்கே வெட்டியது. இதுவும் பாதை மறந்ததென்று அறிவித்தேன். கடைசியில் இரண்டும் சேர்ந்தே வந்தன; சிவப்பின் மூக்கு ஒரு முழம் முன்னால் மணலைத் தொட்டது.

தோழனின் தந்தை நனைந்த உடையோடு விழாக் குழுவினர் முன் வந்து நின்றார். “வடக்க காத்து கூடுதலுன்னு நாங்க பைய ஒதுங்குனோம். அவம் பாய் மறைக்கும், எங்களப் பாத்திருக்கவே மாட்டான். இந்த மைக்குல்லா காட்டிக் குடுத்திட்டு! கரையில இருந்து ஒருத்தனும் துண்டு வீசிச் சைகை காட்டக் கூடாதுன்னுதான இடுப்புல கட்டுதோம்?”

மரியாதையின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“மைக்கு சொன்னதக் கேட்டுத்தாம் வே திரும்புனேன்,” என்றார் சிவப்புப் படகின் சுக்கான்காரர். “காதப் பொத்திக்கிட்டா சுக்கான் பிடிக்க முடியும்?”

குழுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீரு தெரிஞ்சு சொன்னீரா, தெரியாமச் சொன்னீரா? தெரிஞ்சு சொன்னா அது வழி காட்டுனது. போட்டிய மறுபடி வைக்கணும்.”

“தெரிஞ்சுதாம்னு சொல்லுலே,” என்றான் தோழன் என் காதருகே.

சொன்னால் அவன் தந்தைக்கு இன்னொரு வாய்ப்பு. என் அறிவுக்கும் பங்கமில்லை. ஆனால் வடக்கே காற்று ஏன் கூடுதல் என்று அடுத்த கேள்வி வந்தால்?

“தெரியாமத்தான் சொன்னேன்,” என்றேன். “விலகிப் போற படகு எப்படி முந்தும்னு இப்பவும் எனக்குப் புரியல.”

“அப்ப கடல்காக்கா கத்துன மாதிரிதாம்,” என்றார் தலைவர். “காக்கா கத்துச்சுன்னு போட்டிய மறுபடி வைக்க முடியாது. செவப்புதாம் ஜெயிச்சுது.”

கடற்கரை முழுவதும் சிரித்தது. உண்மைக்காகச் சொன்னேனா, அடுத்த கேள்விக்கு அஞ்சிச் சொன்னேனா என்பதை இன்றுவரை என்னால் பிரித்தறிய முடியவில்லை. தோழனின் தந்தை என்னை ஏசவில்லை. நீலப் பாயை அவிழ்த்து, மணலில் விரித்து, நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். தோழனும் பின்னால் போனான். பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று கேட்க ஆளில்லாமல் நான் நின்றேன்.