நாலு எலுமிச்சையும் ஓர் ஆமையும்

போன ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவில், ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கார் பார்க். இரண்டு கையிலும் சாமான் பைகளோடு நான் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் காரைத் திறக்காமல், தரையில் முட்டி போட்டு, கன்னம் சிமெண்டைத் தொடும் அளவுக்குக் குனிந்து, காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முன் டயர் இரண்டு. பின் டயர் இரண்டு. நிதானமாக, ஒவ்வொன்றாக.

காவலாளி ஓடி வந்தார். நம் தமிழ் ஆள்தான்.

“என்னாண்ணே தொலைச்சீங்க? சாவியா?”

இவர் என்ன பதில் சொன்னார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஓர் ஆமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் கணவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தான் பக்கத்துச் சாலைகளில் போகாத மூலை கிடையாது. அவருக்கு ஒரே ஒரு பெருமை. “ஒரு கோழிக்குஞ்சுகூட என் டயர்ல மாட்டுனதில்ல!” கல்யாண வீடோ கருமாதி வீடோ, இதைச் சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம் புதுக் கார் வாங்கினோம். புதுக் கார் வாங்கினால் நாம் என்ன செய்வோம்? சீட்டு பிளாஸ்டிக்கைக் கழற்ற மாட்டோம். நேராகக் கோயிலுக்கு ஓட்டிப் போவோம். அவர் பிறந்த தோட்டத்து முனியாண்டி கோயில்தான் வேண்டும் என்றார். அங்கே இப்போது ரப்பரும் இல்லை, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயமும் இல்லை. எல்லாம் செம்பனை. ஆனால் ஓடை ஓரத்தில் முனியாண்டி மட்டும் இருக்கிறார். பூசாரி இவரோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்.

மாலை, சந்தனம், குங்குமம். நாலு டயருக்கும் முன்னால் நாலு எலுமிச்சை. சூடம் காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். அந்த அரை நிமிடம் ஒருவரும் காருக்கு அடியில் பார்க்கவில்லை. சாமி கும்பிடும்போது யார் கீழே பார்ப்பார்கள்?

“எடு மச்சான்!” என்றார் பூசாரி.

பச். பச். பச்... படக்.

நாங்கள் கை தட்டினோம். ஆமாம், கை தட்டினோம்! எலுமிச்சை நன்றாக நசுங்கினால் நல்ல சகுனம் அல்லவா?

கார் நகர்ந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று எலுமிச்சைதான் நசுங்கியிருந்தது. நாலாவது முழுசாக ஓரத்தில் உருண்டு கிடந்தது. அதன் இடத்தில், முந்தின நாள் மழையில் ஊறிய மண்ணில் பாதி புதைந்து, கவிழ்த்து வைத்த கறிக் கிண்ணம் அளவுக்கு ஒரு கறுப்பு ஆமை. படையல் பழத்துக்காக வந்திருக்கிறது. முதுகின் பின் ஓரம் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“முனியாண்டி பலி கேட்டுட்டாரு மச்சான். இனி காருக்கு ஒண்ணும் ஆகாதுலா. அத ஓடப்பக்கம் வுட்டுட்டுப் போ” என்றார் பூசாரி. அவரும் ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

என் கணவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “மூச்சு வுடுது பாரு. அவரு கேக்கல. நான்தான் ஏத்துனேன். நான்தான் பாக்கணும்.”

புதுக் காரில், பிளாஸ்டிக் கழற்றாத சீட்டில், சந்தனம் காயும் முன் ஏறிய முதல் பயணி அந்த ஆமைதான்.

ஈப்போவில் எங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒரு சின்னப் பெண், டாக்டர் ஷெரின். எக்ஸ்-ரே எடுத்துக் காட்டினார். நான் அப்பாவியாக ஒரு கேள்வி கேட்டேன்: “டாக்டர், ஓடுதானே ஒடஞ்சிருக்கு? உள்ள இருக்கிற ஆமைக்கு வலிக்குமா?”

“ஆன்ட்டி, ஓடு வேற ஆமை வேற இல்ல. இங்க பாருங்க... இதான் முதுகெலும்பு. இதெல்லாம் விலா எலும்பு. எல்லாம் ஓட்டோட சேர்ந்துதான் வளர்ந்திருக்கு. அதுக்கு இது எலும்பு முறிவு. நல்லாவே வலிக்கும்.”

இத்தனை வருடமாக ஓடு என்பது ஆமை தூக்கித் திரியும் வீடு என்றுதானே நினைத்திருந்தேன்? தன் விலா எலும்பையே வெளியே கவசமாக விரித்து வைத்துக்கொண்டு ஒரு பிராணி நடக்கிறது. அதன் மேல்தான் நாங்கள் புதுக் காரை ஏற்றியிருக்கிறோம்.

டாக்டர் வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்லி அனுமதி வாங்கினார். காயத்தைக் கழுவி, உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடிமானம் போட்டார். மூன்று நாளுக்கு ஒரு ஊசி. நான் வீட்டில் பெரிய பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து அதில் விடப்போகிறேன் என்று சொன்னதும் பதறிவிட்டார். ஓட்டுக்குக் கீழே நேராக நுரையீரலாம். வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கினால் கதை முடிந்தது. கால் மட்டும் நனையும் அளவுக்குக் கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் எதிர்வீட்டுக் கமலா அக்கா வழிமறித்தார். “ஆமைய வீட்டுக்குள்ள வுடுறியா சரசு? ஆகாதுடி!” உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. என் கணவர் ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொன்னார்: “போர்ச்சுலதான் இருக்கப்போவுது. போர்ச் வீடு இல்லக்கா.”

ஆக, காருக்கென்று கட்டிய போர்ச் ஆமைக்குப் போனது. கார் வெளியே ரோட்டில். அன்றைக்குச் சாவியை என் கையில் கொடுத்தார். “இது எந்திரிச்சு நடந்தாதான் நான் இந்தக் காரத் தொடுவேன்.” எனக்கோ ஓட்டத் தெரியாது. எங்கள் குனோங் ராபாட் வெயிலிலும் மழையிலும் அந்தப் புதுக் கார், கழுத்தில் காய்ந்த மாலையோடு நின்றது. ஊசிக்கு ஆமை போனதெல்லாம் இவருடைய பழைய மோட்டார் சைக்கிள் கூடையில், துண்டு சுற்றிக்கொண்டுதான்.

அது என்ன வகை ஆமை தெரியுமா? அடி ஓட்டில் ஒரு கீல் உண்டு. தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, கீழிருந்து கதவைச் சாத்துவதுபோல் மூடிக்கொள்ளும். ஒரு தாள் நுழைய இடம் இருக்காது. வலியோடு, பயத்தோடு, அத்தனை கச்சிதமாக! நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு விரல் அளவு திறக்கும். இவருடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே... டப். மூடிவிடும்.

அடையாளம் கண்டுபிடித்துவிட்டதா? டாக்டர் அப்படியெல்லாம் இல்லை, அவர் நடை கனமான நடை என்றார். இவர் நம்பவில்லை. தினமும் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே வராமல், குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்பார்: “தொறந்துச்சா?”

எனக்கு ஆமையைவிட இவரைப் பார்த்துத்தான் பயம் வந்தது. பெருமையடித்த மனிதர் பேச்சையே குறைத்துவிட்டார்.

பதினாறு நாள் அது ஒன்றும் சாப்பிடவில்லை. கங்கோங் கீரை வைத்தேன். பப்பாளி வைத்தேன். நல்ல மஞ்சள் வாழைப்பழம் வைத்தேன். எறும்புக்குத்தான் விருந்து. “அதுக்கு அவசரம் இல்ல ஆன்ட்டி. நமக்குத்தான்” என்றார் டாக்டர். ஆனால் அவர் குரலிலும் கொஞ்சம் கவலை தெரிந்தது.

பதினேழாம் நாள் காலையில் இவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். மத்தியானம் ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினார். உள்ளே முனியாண்டி கோயில் வாசலில் கிடந்த படையல் வாழைப்பழம். கறுத்து, குழைந்து, புளித்த வாடை.

“அது தின்ன வந்தது இததானே? தின்ன வுடாமத்தானே ஏத்துனேன்?”

அதன் முன்னால் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, கேட்டோரம் தரையில் உட்கார்ந்தார். அசையவில்லை. நான் அரிசி களைந்து, உலை வைத்து, வந்து பார்க்கிறேன்... அப்படியே இருக்கிறார்.

மெல்ல ஒரு விரிசல். பிறகு ஒரு மூக்கு. பிறகு மஞ்சள் கோடு போட்ட முகம். கழுத்து நீண்டது. இவரை ஒரு முறை பார்த்தது. பிறகு அந்தப் பழத்தில் ஒரு கடி!

முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சோறு குழைந்துவிட்டது.

அதற்கப்புறம் எட்டு மாதம். வெடித்த இடத்தில் எலும்பு மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வந்ததைத் தினமும் பார்த்தேன். யாரும் தள்ளவில்லை, யாரும் விரட்டவில்லை. ஓர் உடம்பு தன்னைத் தானே கட்டிக்கொண்டிருந்தது. வயதைக் கேட்டபோது டாக்டர், சரியாகச் சொல்ல முடியாது, பல பத்து வருடம் இருக்கலாம் என்றார். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோதும் இது அந்த ஓடையில் இருந்திருக்குமோ? நாங்களெல்லாம் லயத்தைக் காலி செய்து டவுனுக்குப் போனோம். இது போகவில்லை. நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. போன மாதம் சாவியைக் கேட்டு வாங்கினார். பாட்டரி செத்துப் போயிருந்தது, அது வேறு கதை. சாலை முழுக்க மாட்டு வண்டி வேகம். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள்.

ஓடைக் கரையில் அதை இறக்கி வைத்தார். வழக்கம்போல் மூடிக்கொள்ளும் என்று ஓர் அடி பின்னால் நகரப் போனார். அது மூடவில்லை. கழுத்தை நீட்டித் தண்ணீர் இருக்கும் திசையைப் பார்த்தது. நடுவில் இவருடைய கால். சுற்றிப் போகவும் இல்லை. செருப்பின் மேல் ஏறி, பாதத்தின் மேல் நடந்து, அந்தப் பக்கம் இறங்கி, தண்ணீருக்குள் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இவர் வெகுநேரம் அந்தக் காலை நகர்த்தவே இல்லை.

“பூச பாதியில நின்னுபோச்சே மச்சான், எலுமிச்ச வைக்கவா?” என்றார் பூசாரி. “வை. ஆனா நான் அடியில பாத்துட்டுத்தான் எடுப்பேன்” என்றார் இவர். மண்ணில் படுத்தே பார்த்தார். அன்றிலிருந்து கோயிலோ, கடையோ, எங்கே நிறுத்தினாலும் அதேதான்.

சரி, அந்தக் காவலாளிக்கு என்ன பதில் சொன்னார்?

முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக, “அடியில ஒண்ணும் இல்லலா தம்பி!” என்றார்.

ஒன்றும் இல்லை என்பதை இத்தனை சந்தோஷமாகச் சொல்லும் ஆளை அந்தக் காவலாளி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்திருப்பார்.