பிர்ஜந்துக்காரரின் கடைக்கு ஒரு வர்த்தக அறிக்கை

கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனிலிருந்து என் வீட்டு வாசலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு அடிகள். முழங்கால் நோ கூடிய நாட்களில் அறுநூற்று நாற்பது வரும். அந்த வழியில் ஒரு பாரசீகக் கடை இருக்கிறது. பேரீச்சம்பழம், பிஸ்தா, குங்குமப்பூ, காய்ந்த எலுமிச்சை, ரோஜாப் பன்னீர் என்று கூரை வரை அடுக்கியிருக்கும். கடைக்காரர் என்னைவிடப் பதினொரு வயது இளையவர். நாங்கள் இருவரும் பேசியது உடைந்த ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

போன ஜனவரியில் ஒருநாள் அவர் சொன்னார்:

"மார்ச் மாதத்தோடு குத்தகை முடிகிறது. வியாபாரம் இப்படியே இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு மகளிடம் போய்விடுவேன். அவள் வீட்டில் எனக்கு ஒரு சோபா இருக்கிறது. பகலில் இருக்கலாம், இரவில் படுக்கலாம்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வருடம் சொந்தக் கடையில் நின்ற மனிதர்.

"இந்தத் தெருவில் உங்கள் ஆட்கள்தான் அதிகம். வருகிறார்கள், பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஏன்?"

பதில் தெரியாத கேள்வி என்னிடம் இருந்தால் எனக்கு இரத்த அழுத்தம் கூடும்.

நான் ஊரில் பூமிசாஸ்திரம் படிப்பித்தவன். இங்கிலாந்துக்கு வந்தபின் இருபத்திரண்டு வருடம் ரயில் டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். ஓய்வு பெற்றதும் செவ்வாய்க்கிழமைகளில் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய வர்த்தக அறிக்கைகளை வாசிக்கத் தொடங்கினேன். அந்தக் குளிர்காலத்தில் என் கையில் இருந்தது, பேரரசுக் காலத்தில் கிழக்குப் பாரசீகத்தின் ஒரு மூலையில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி எழுதியது. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் உள்ள வியாபாரிகள் அந்தப் பக்கத்தில் எதைக் கொண்டுபோய் விற்கலாம் என்று அதில் விளக்கியிருந்தார். எத்தனை ஒட்டகங்கள் பாலைவனம் தாண்டி வந்தன, ஒட்டகத்தின் இரு பக்கமும் சமமாகத் தொங்கும்படி பெட்டிகளை எப்படிக் கட்டவேண்டும், எந்த நிறத் துணியைப் பெண்கள் தொடுவதே இல்லை, வடக்கிலிருந்து வரும் ரஷ்யச் சீனி ஏன் நம் பக்கத்துச் சீனியை வெல்கிறது, எல்லாம் இருந்தன. திரும்பிப் போகும் ஒட்டகங்களில் கம்பளி, குங்குமப்பூ, பெருங்காயம். அட்டவணைகளை எல்லாம் நான் என் நோட்டுக் கொப்பியில் இறக்கிக்கொண்டேன்.

அந்த அறிக்கையில் வரும் ஊர்களில் ஒன்று பிர்ஜந்த். கடைக்காரர் பிறந்த ஊர். இதைச் சொன்னதும் அவர் கல்லாவை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"பெருங்காயமா? அதை வாங்கி நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"ரசத்தில் போட்டோம். இன்றைக்கும் போடுகிறோம்."

"கடவுளே. அந்த நாற்றத்தையா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு விரலை என் மார்புக்கு நேரே நீட்டினார். "எங்களைப் பார்த்து ஆங்கிலேயர்கள் எழுதினார்கள். இப்போது நான்தான் வெளிநாட்டு வியாபாரி. உங்கள் ஆட்களைப் பற்றி எனக்கு ஒரு அறிக்கை எழுதித் தாருங்கள்."

வேடிக்கையாகத்தான் கேட்டார். நான் அடுத்த திங்கட்கிழமையே கொப்பியோடு போய், கதவுக்கு அருகே அரிசி மூட்டைகளின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஆறு நாள், நாளுக்கு மூன்று மணித்தியாலம். உள்ளே வந்த தமிழர் நாற்பத்து மூன்று. பொருளைக் கையில் எடுத்தவர் முப்பத்தொன்று. வாங்கியவர் ஏழு.

வீட்டில் மனைவி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, கோயில்ல ஒரு மனிசி விசாரிச்சவ. உங்கட அவர் அந்தக் கடையில செக்கியூரிட்டி வேலைக்குச் சேந்திட்டாரோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம், சேந்திட்டார், யூனிபோர்ம்தான் இன்னும் வரேல்லை எண்டு சொன்னனான்."

என் அறிக்கை நான்கு பக்கம் வந்தது. சாரம் இதுதான்: பொருட்கள் பிழையான இடத்தில் இருக்கின்றன. எங்கள் ஆட்களுக்குக் கலியாணத்துக்கும் கோயிலுக்கும் பன்னீர் வேண்டும், கற்கண்டு வேண்டும். இரண்டும் உங்களிடம் உண்டு, ஆனால் பின்தட்டில் ஒளிந்திருக்கின்றன. முன்னுக்குக் கொண்டு வாருங்கள். அவர் ஒரு ஞாயிறு முழுக்கத் தனியாகப் பெட்டிகளைத் தூக்கிக் கடையையே மாற்றி அடுக்கினார். அடுத்த கிழமை வந்தவர் ஐம்பத்தெட்டு. வாங்கியவர் எட்டு.

ஒரேயொரு ஆள் கூடியதற்கா ஒரு மனிதரின் இடுப்பை முறித்தேன்? அவர் திட்டாமல் எனக்குத் தேநீர் தந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. மார்ச் முடிய மூன்று கிழமைதான் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். நேரே பன்னீர்ப் போத்தல்களிடம் போனார். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கற்கண்டுப் பெட்டியைத் திறந்து மணந்தார். இரண்டையும் கொண்டுவந்து, இருபத்து நாலு போத்தல் வேண்டும், எவ்வளவு என்று கேட்டார். கடைக்காரர் வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சாய்த்தார்.

"உங்களுக்கு முன்னால் இதற்கு ஒரு மதிப்பும் இல்லை. எடுத்துக்கொண்டு போங்கள்."

அந்தப் பெண்ணின் முகம் இறுகியது. போத்தலையும் பெட்டியையும் கல்லாவில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் கொப்பியைப் போட்டுவிட்டு, முழங்காலையும் பாராமல் பின்னால் போனேன். பஸ் தரிப்பில் பிடித்தேன்.

"பிள்ளை, ஏன் வைச்சிட்டு வந்தனீங்கள்?"

"பின்ன என்ன ஐயா? நான் விலை கேக்கிறன், அந்தாள் சும்மா கொண்டு போ எண்டுது. ஆரும் பிள்ளையின்ர கலியாணத்துக்குச் சும்மா வாங்குவினமோ? எங்களைப் பாத்தா வழியில்லாத சனம் மாதிரித் தெரியுதோ?"

"அது அவையின்ர மரியாதை போல கிடக்கு."

"மரியாதையோ? தோர்ண்டன் ஹீத்தில இருந்து ரெண்டு பஸ் மாறி வாறன். விலையைச் சொல்லுறதுதான் மரியாதை."

நான் ஸ்டூலில் இருந்த நாட்களில் இந்தக் காட்சி என் முன்னால் எத்தனை தடவை நடந்திருக்கும்! ஆட்களை எண்ணினேனே தவிர, அவர் வாயைக் கவனிக்கவில்லை. எனக்கு அவர் அப்படிச் சொல்ல வாய்ப்பே இருந்ததில்லை. சில்லறை பிழைக்கக்கூடாது என்று போன தடவை தந்த பில்லைப் பார்த்து, அவர் பேசுமுன்னே சரியான காசை வைத்துவிடுகிறவன் நான்.

திரும்பிப் போய்க் கடைக்காரரிடம் சொன்னேன்.

"கேட்டவுடன் விலையைச் சொன்னால் விருந்தாளியைத் துரத்துவது போல. நான் வேண்டாம் என்பேன், அவர்கள் சொல்லுங்கள் என்பார்கள். மறுபடி வேண்டாம் என்பேன். மூன்றாம் தரம் விலை சொல்வேன். இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியுமே."

"எங்கள் ஆட்கள் முதல் தரத்திலேயே போய்விடுவார்கள்."

"பத்தொன்பது வருடமாகவா?"

செவ்வாய்க்கிழமை காப்பகத்தில் அந்த அறிக்கையை மீண்டும் எடுத்தேன். இரண்டு அட்டவணைகளுக்கு நடுவே ஒரு முழுப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்து வியாபாரியிடம் எடுத்தவுடன் விலை பேசக்கூடாது, அவர் மறுப்பது மறுப்பல்ல, பொறுத்துக் கேட்காத அந்நியர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று அதிகாரி விளக்கியிருந்தார். இலக்கம் எதுவும் இல்லாத பக்கம் என்பதால் நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். இரண்டு மாதம் என் மடியில் கிடந்த பதில்.

அடுத்த நாள் விலைச்சீட்டுகளோடு போனேன். பொருளின் பெயர் தமிழில், விலை கொட்டையான இலக்கத்தில், மொத்தம் எண்பத்தாறு. அவருக்குப் பிடிக்கவில்லை.

"சாப்பாட்டின் நெற்றியில் விலையை ஒட்டுவதா?"

"நீங்கள் வாயால் சொல்லவேண்டாம். கையை நெஞ்சில் வையுங்கள், தலையைச் சாயுங்கள், பிறகு சீட்டைக் காட்டுங்கள்."

யோசித்தார். ஒருதரம் செய்து பார்த்தார். தனக்கே சிரிப்பு வந்து, பசை எங்கே என்று கேட்டார்.

தோர்ண்டன் ஹீத் பெண்ணின் நம்பரை நான் பஸ் தரிப்பில் வாங்கியிருந்தேன். விசயத்தை விளக்கியபோது "பாப்பம்" என்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரர் கையை நெஞ்சில் வைத்தார். "உங்களுக்கு முன்னால் இதற்கு..." என்று தொடங்கியும்விட்டார். நான் இருமினேன். அவர் சட்டென்று சீட்டைக் காட்டினார்.

அந்தப் பெண் தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியே, வாய் ஒண்டு சொல்லுது, விரல் ஒண்டு சொல்லுது. எங்கட மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி." பிறகு அவரிடம் ஆங்கிலத்தில், "அண்ணை, இருபத்து நாலு காணாது, முப்பத்தாறு தாங்கோ" என்றார். அண்ணை மட்டும் தமிழில்தான். கற்கண்டும் எடுத்தார்கள், நான் கேட்காமலே குங்குமப்பூவும்.

மார்ச் கடைசியில் கட்டடச் சொந்தக்காரரின் ஆள் குத்தகைப் பத்திரங்களோடு வந்தபோது நானும் இருந்தேன். கல்லாவில் ஒரு குடும்பம் நின்றது, அவர்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். கடைக்காரர் அந்த ஆளின் கையில் ஒரு தேநீர்க் கிளாஸைக் கொடுத்துவிட்டு விற்கப் போய்விட்டார். பதினேழு நிமிடம் அந்த ஆள் பத்திரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தேநீர் குடித்தார். கடைசியில் பன்னீர்ப் பெட்டி ஒன்றின் மேலேயே கையெழுத்தானது. நான் ஒரு வருடம் போதும் என்று எவ்வளவோ சொன்னேன். கடைக்காரர் மூன்று வருடத்துக்குப் போட்டார்.

எனக்கு இன்னும் கவலைதான். மூன்று வருடம் என்றால் ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள்.