நடுவில் நின்ற முள்

போன வாரம் என் டாலிகஞ்ச் கராஜுக்கு ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். தெர்மோஸ்டாட்டை மாற்றிய நாளிலிருந்து வண்டியின் சூடு காட்டும் முள் பாதிக்கு ஏறி நிற்கிறதாம். டிப்ளமோ படித்த என் கராஜ் பையன்கள் கம்ப்யூட்டரைச் சொருகிக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்து நிமிஷம் முள்ளை மட்டும் பார்த்தேன். வண்டிக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டேன். நான் ஏழாவது தாண்டாதவன். ஆனால் இந்த விஷயம் எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும்.

அது என் சித்தி கல்யாணம். முதல்நாள் சாயங்காலம் ஜானவாசம். லேக் மார்க்கெட் பக்கத்துக் கோயிலிலிருந்து மாப்பிள்ளையைக் காரில் உட்காரவைத்து, முன்னால் பாண்டு வாசிக்க, கல்யாண வீட்டுக்கு ஊர்வலமாக அழைத்து வர வேண்டும். வாடகைக் கார் வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கை புருஷன் என் காரில்தான் வருவார் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார்.

அந்தக் கறுப்புக் காரில் மாமாவுக்கு ஒரு தனிப் பெருமை. சூட்டு முள் எப்போதும் அடியிலேயே படுத்துக் கிடக்கும். "சித்திரை வெயில்லகூடத் தலையைத் தூக்காது. பசு மாடு!" என்று வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துக் காட்டுவார். அது வியாதி என்று அவருக்குத் தெரியாது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் தண்ணீருக்கு ஒரு கதவு. இன்ஜின் சூடேறும்வரை மூடியிருக்க வேண்டும், ஏறியதும் திறக்க வேண்டும். மாமா காரில் அது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் தை மாதக் குளிரில் வண்டி இருமி இருமி நின்றது. ஊர்வலத்தில் இருமக்கூடாதே என்று பவானிபூர் மிஸ்திரியைக் கூப்பிட்டுப் புதிதாக ஒன்று போட்டாயிற்று. முள்ளைப் பற்றி மிஸ்திரி வாயே திறக்கவில்லை. இதையெல்லாமா சொல்வார்கள் என்று நினைத்திருப்பார்.

பின் ஸீட்டில் கோட்டு சூட்டும் மாலையுமாக மாப்பிள்ளை, அவரைச் சுற்றி ஆறேழு குழந்தைகள். முன்னால் நான். "முள்ளைப் பார்த்துக்கோடா. தலையைத் தூக்கினா உடனே சொல்லு" என்றார் மாமா.

தெரு முனை திரும்பவில்லை, முள் கிளம்பிவிட்டது. கத்தினேன். மாமா சாவியைத் திருப்பி வண்டியை அணைத்து, இறங்கி பானெட்டைத் திறந்தார். பாண்டு நின்றது. யாரோ ஒரு விசிறி கொண்டுவர, மாமா இன்ஜினுக்கு விசிறினார். "கீ ஹோலோ, தாதா?" என்று, என்ன ஆயிற்றென விசாரித்துக்கொண்டு பெங்காலிகள் கூடிவிட்டார்கள். வண்டியை அணைத்தால் முள்ளும் விழத்தானே செய்யும்? மாமா, ஆறிவிட்டது என்று ஏறினார். கிளப்பிய கொஞ்ச நேரத்தில் முள் பழையபடி நடுவில். மறுபடி பானெட், மறுபடி விசிறி.

கல்யாணம் செய்துவைக்க வந்த வாத்தியார் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஏழரைக்குள் நிச்சயதாம்பூலம் மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா மெல்ல வந்து, "ஏன் சார், ஒரு டாக்சியைக் கூப்பிட்டுடலாமா?" என்றார். மாமாவின் முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளை மஞ்சள் டாக்சியில் போய் இறங்கினால் அப்புறம் லேக் மார்க்கெட்டில் அவர் கத்திரிக்காய்கூட வாங்க முடியாது.

அப்போது மாப்பிள்ளை முன்னால் குனிந்து என் காதோரம் கேட்டார்.

"ஏண்டா, முள் ஏறிண்டே இருக்கா, நின்னுடறதா?"

"நடுவுக்கு வந்து நின்னுடறது."

"தாண்டறதே இல்லையா?"

"இல்லை. ஒரு தடவை துளி கீழ போச்சு. திரும்ப அங்கேயே வந்துடுத்து."

"ஆவி கீவி வரதா?"

"ஒண்ணும் வரலை."

"ஆச்சரியமா இருக்கே! எனக்கென்னடா தெரியும், நீதானே பார்த்துண்டிருக்கே."

பளிச்சென்று எனக்கு உறைத்தது. ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா! முள்ளுக்கு அதான் இடம்! வண்டிக்கு ஒண்ணுமில்லை, எடு!" என்று கத்தினேன்.

"சும்மா இருடா, பெரிய மிஸ்திரி!"

"குழந்தை அடிச்சுச் சொல்றானே, போய்த்தான் பார்ப்போமே" என்றார் மாப்பிள்ளை. ஜானவாசத்தில் மாப்பிள்ளை வாக்கைத் தட்ட முடியுமா? மாமா ஒரு கண் தெருவிலும் ஒரு கண் முள்ளிலுமாக ஓட்டினார். கடைசிவரை முள் நடுவைத் தாண்டவில்லை. ஏழு இருபதுக்கு வாசலில் ஆரத்தி! மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாகக் காட்டினார். எத்தனை ஜாங்கிரி தின்றேன் என்று எனக்கே தெரியாது. மறுநாள் சாப்பிட வந்த மிஸ்திரியும், இத்தனை வருஷம் தூங்கின முள் இப்போதுதான் முழித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாகக் கற்றவன் நான் என்று அன்று ஆரம்பித்த பேச்சு, மூன்று கராஜ் ஆன பிறகும் நிற்கவில்லை. என் சித்தப்பாவாகிவிட்ட அந்த மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் உத்தியோகம் என்று தெரியும். ஃபைல் பார்க்கிற உத்தியோகம் என்று நினைத்திருந்தேன். கப்பல் இன்ஜினையே பிரித்துப் பூட்டுகிறவர் என்று தெரிந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. மச்சினன் காரைப் பற்றி மாப்பிள்ளை வாய் திறந்தால் அது குறை, ஒன்பது வயதுப் பயல் கத்தினால் கொண்டாட்டம். இதெல்லாம் அன்று எனக்கு எங்கே புரிந்தது?

போன பூஜை லீவில் பேரன்களுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். நானே கண்டுபிடித்ததாகத்தான் சொன்னேன். எண்பதைத் தாண்டிய சித்தப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். முழங்காலில் கையை ஊன்றி முன்னால் குனிந்து, "அப்புறம்? முள் தாண்டித்தா?" என்று கேட்டார்.