சுத்தாத திருகு

சண்டை நடந்த காலம். திருகோணமலை அன்புவழிபுரத்தில நானும் தம்பியும் ஒரு வாடகை வீட்டில இருந்தம். அதுக்கு முந்தி இடம்பெயர்ந்து ஓடினபோது, விட்டிட்டு வந்த வீட்டோட சேர்ந்து எங்கட படங்கள் எல்லாம் எரிஞ்சு போச்சு. அம்மா அப்பாவின்ர கலியாணப் படம்கூட மிஞ்சேல்லை.

சவூதியில வேலை செய்த என்ர மனுசன் ஒரு ஃபிலிம் கமரா அனுப்பினார். இனி எண்டாலும் எங்களுக்கெண்டு நாலு படம் இருக்கட்டும் எண்டு எழுதியிருந்தார். ரோலை நான்தான் போட்டனான். போட்டிட்டு எனக்கு வந்த பெருமை இருக்கே, சொல்லி வேலையில்லை. துறைமுகமும் கடற்படையும் பக்கத்தில, கமராவோட றோட்டில இறங்க ஏலாது. அதால எல்லாப் படமும் வளவுக்குள்ளதான். தம்பி கிணத்தடியில, தம்பி சைக்கிளோட, தம்பி கிண்ணியாவில வாங்கின பெரிய மீனைத் தூக்கிப் பிடிச்சபடி.

நாலாவது படமோ ஐஞ்சாவதோ, அவன் கமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"அக்கா, அடுத்த படத்துக்கு ஃபிலிமை இழுக்கேக்க இந்தப் பக்கத்துத் திருகும் சுத்தோணும் எல்லோ? சுத்துதில்லையே அக்கா."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கமரா என்ர மனுசன் அனுப்பினது, தம்பியார் எனக்குப் படிப்பிக்க வந்திட்டார். படம் எண்ணுற நம்பர் கூடிக்கொண்டு போகுதுதானே, பேசாமல் போய் நில்லு எண்டு ஏசினன். சிரிச்சுக்கொண்டு போய் நிண்டவன். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை.

ரோலில இருக்கிற முப்பத்தாறு படமும் முடியாமல் கழுவக் குடுக்கிறது வீண் எண்டு மாசக்கணக்கா வைச்சிருந்தன். முப்பதில நிக்கேக்க ஒரு காலமை ஆமிக்காரங்கட சுற்றிவளைப்பு. முகத்தை மூடின, ஆக்களைக் காட்டிக்குடுக்கிற ஒரு ஆளுக்கு முன்னால ஆம்பிளையளை ஒவ்வொருத்தரா நடக்க விட்டவங்கள். தம்பி போகேக்க அந்தத் தலை ஆடினது. அவனை ட்ரக்கில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். அவன்ர படம் ஒட்டின அடையாள அட்டையும் அவனோடயே போயிட்டுது.

காணாமல் போனவையைப் பதியிற இடத்தில படம் கேட்டவை. இருக்கு, முப்பது படம் இருக்கு, நாளைக்கே கொண்டுவாறன் எண்டன். அவ்வளவு நம்பிக்கை. கமராவைச் சீலைத் தலைப்புக்குள்ள மறைச்சுக்கொண்டு ஸ்ரூடியோவுக்கு ஓடினன்.

ஸ்ரூடியோக்காரர் அதை இருட்டறைக்குள்ள கொண்டுபோனார். கனநேரம் எடுக்கேல்லை. வெளியில வந்து ரோலை என்ர கையில வைச்சார். ஃபிலிமின்ர நுனி உள்ளுக்குக் கொளுவுப்படவே இல்லையாம், ஃபிலிம் ஓடினாத்தான் அந்தத் திருகு சுத்துமாம். ஒரு படமும் விழேல்லையாம். என்ர முகத்தைப் பாத்திட்டு, ஆறுதல் சொல்லுறதா நினைச்சு ஒண்டு சொன்னார்.

"பிள்ளை, ரோல் பழுதாகேல்லை. புதுசு மாதிரித்தான் கிடக்கு. திருப்பிப் போட்டு எடுக்கலாம்."

ஆரை எடுக்கிறது?

படிவத்தில படம் ஒட்டுற இடம் வெறுமையாவே போனது. மெல்லிய உடம்பு, இடப் புருவத்தில தழும்பு எண்டு எழுதினவை. அப்பிடி எத்தினை பொடியள் ஊரில. படம் இருந்திருந்தா அவன் கிடைச்சிருப்பான் எண்டு நான் சொல்லேல்லை. முகாம் முகாமா அலைஞ்ச நேரம் காட்டிக் கேக்க ஒரு முகம் எண்டாலும் இருந்திருக்கும். அவன் இண்டைக்கு வரைக்கும் வரேல்லை.

போன மாசம் மகள் எங்கேயோ தேடி ஒரு பழைய ஃபிலிம் கமரா வாங்கி வந்தவள். ஃபோனில ஆயிரம் படம் எடுத்தாலும் ஒண்டும் மனசில நிக்குதில்லையாம். ஃபிலிம் எண்டா, கழுவி வரும்வரை காத்திருக்கிறதே ஒரு சுகமாம். ரோலும் போட்டு வைச்சிருந்தாள். கமராவை வாங்கி ஒருக்கா இழுத்துப் பாத்தன். திருகு சுத்தினது. குசினிக்குள்ள போய் இருந்து அழுதன்.

அவள் சொல்றது பொய்யில்லை. அந்த ஸ்ரூடியோ வாசலை மிதிக்கும்வரை என்னட்டையும் தம்பியின்ர முப்பது படம் இருந்தது. இப்ப அவன்ர முகம் எனக்கே சரியா நினைவுக்கு வருகுதில்லை, "சுத்துதில்லையே அக்கா" எண்ட குரல் மட்டும் அப்பிடியே கேட்டுக்கொண்டிருக்கு.