இரண்டாவது தட்டு

இது கட்டிச் சொன்ன கதை அல்ல. நடந்தது. நடந்த இடத்தில் மூவர் இருந்தார்கள். மூவரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். தனித்தனியே நிறுத்திக் கேட்டாலும் மூவரும் ஒன்றையே சொல்கிறார்கள். நள்ளிரவில் நடந்ததும் அல்ல. பகல் முடியாத மாலையில், ஊர் விழித்திருந்த வேளையில் நடந்தது. பேய் என்றால் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். அந்தப் படகுத்துறையின் மேலாளரும் அதுவரை சிரித்தவர்தான்.

நகராட்சிக்குச் சொந்தமான படகுத்துறை அது. படகுகளுக்கு இடம் ஒதுக்குவது, ஒவ்வொரு படகுக்கும் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் கொடுப்பது, கழிவுத் தொட்டிகளை உறிஞ்சி எடுப்பது, டீசல் பம்பு, குளியலறை, காவல் என்று கரையில் உள்ள அத்தனை வேலையும் ஒரே பெண்ணின் தலையில் இருந்தது. காகிதத்தில் அவர் மேலாளர். துறையில் எல்லாருக்கும் அவர் துறைக்காரம்மா.

நகராட்சி அந்தத் துறைக்கு என்ன செய்தது? வாசலில் பளிங்கில் வளைவு கட்டியது. வளைவுக்கு வண்ண விளக்குப் போட்டது. விளக்குக்குத் திறப்புவிழா எடுத்தது. விழாவில் மாலைகள் விழுந்தன, மேளம் முழங்கியது. ஆனால் கலங்கிய நீருக்குள் இறங்கி உயிரைப் பணயம் வைக்கிற தொழிலாளி, மேலே நிற்பவரோடு பேச ஒரு கருவி வேண்டும் என்று கேட்டபோது மட்டும், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றது. அந்த அடுத்த ஆண்டு வரவே இல்லை.

பேச வழியற்றவர்கள் தட்டக் கற்றுக்கொண்டார்கள். அது அந்தத் துறையின் பழைய வழக்கம். மேலே நிற்பவர் கடப்பாரையால் மிதவைமேடைப் பலகையை மூன்று முறை இடிப்பார். கீழே இருப்பவர் கையிலுள்ள ஸ்பேனரால் பதில் தருவார். ஒரு தட்டு என்றால், பொறு, நான் இன்னும் கீழே இருக்கிறேன். இரண்டு தட்டு என்றால், வேலை முடிந்தது, வெளியேறுகிறேன், இழுக்கலாம். இவ்வளவுதான். ஓர் உயிருக்கும் ஓர் எந்திரத்துக்கும் இடையே அந்த ஒரே ஒரு தட்டுதான் வேலி.

அன்று கீழே இறங்க வேண்டியவன் மேலாளரின் சொந்தத் தம்பி. தண்ணீரிலேயே கிடப்பதால் துறை முழுவதும் அவனை நீர்க்கோழி என்றே அழைத்தது. மறுநாள் காலை மேயர் வந்து புதிய மிதவைமேடையைத் திறந்துவைக்கிறார். அதற்குள் கிழக்குப் பக்கத்துப் பழைய மேடையை அப்புறப்படுத்தியாக வேண்டும். அடியில் நங்கூரச் சங்கிலி ஒன்று மிச்சம். அதைக் கழற்றிவிட்டு அவன் வெளியே வந்ததும், இழுவைப் படகு மேடையை இழுத்துக்கொண்டு போகும். அவன் வெளியே வராமல் இழுத்தால்... சங்கிலி இறுகும். நடுவில் எலும்பு இருந்தாலும் இறுகும்.

இறங்குமுன் அவன் படிக்கட்டில் உட்கார்ந்து காலணிகளைக் கழற்றி, காலுறைகளை அவற்றுக்குள் திணித்து அக்காவிடம் நீட்டினான்.

"இந்தா, ஷூவக் கொண்டுபோய் குளியலறை வாசல்ல வை. வந்ததும் சுடுதண்ணியில நிக்கணும்."

"சீக்கிரம் வா. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் பொண்டாட்டி என்னைத்தான் உலுக்குவா. எட்டு மாசம் அவளுக்கு."

"செத்தா பென்ஷன் வரும்ல, வச்சுப் பிழைச்சுக்குவா."

"காண்ட்ராக்ட்காரனுக்கு ஏதுடா பென்ஷன்?"

"அப்ப சாகல," என்று சொல்லிவிட்டு மூழ்கினான்.

சிறிது நேரத்தில் பனிமூட்டம் வந்தது. கடலிலிருந்து உருண்டு வந்து, முதலில் பாய்மரங்களின் நுனியைத் தின்றது. பிறகு மரங்களைத் தின்றது. பிறகு படகுகளைத் தின்றது. மேடையின் மறுமுனையில் தம்பி ஏறிவர வேண்டிய இரும்பு ஏணி மறைந்தது. காற்று நின்றது. எந்நேரமும் பாய்மரத்தில் மோதிக் கிணுகிணுக்கும் கம்பிகள்கூட வாயை மூடிக்கொண்டன.

நான்கு நாற்பதுக்கு நகராட்சிப் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இன்னுமா முடியல? இருட்டறதுக்குள்ள மேடை போயாகணும்மா. என் வேலை போயிடும்."

"ஆள் கீழ இருக்கான் சார்."

"கேட்டுச் சொல்லுங்க."

மேலாளர் கடப்பாரையை எடுத்தார். பலகையை மூன்று முறை இடித்தார். காத்திருந்தார்.

டங்.

உடனே... தொப்.

இரண்டு தட்டு. இழுக்கலாம்.

ஆனால் அவர் நகரவில்லை. முதல் தட்டு இரும்பு. இரண்டாவது தட்டு இரும்பாக இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடித்தாற்போல இருந்தது. ஸ்பேனர் கைநழுவியிருக்கும், வெறுங்கையால் தட்டியிருப்பான் என்று தமக்குத் தாமே சமாதானம் சொன்னார். மனம் ஒப்பவில்லை. மறுபடியும் மூன்று முறை இடித்தார்.

டங். தொப்.

நழுவிய ஸ்பேனர் எப்படித் திரும்பி வந்தது?

அவர் கடப்பாரையும் கையுமாகக் கரைப்பக்கம் நடந்தார். மேடை தொடங்கும் இடத்தில், கரைமேல் குளியலறை. பனிமூட்டத்துக்குள் அதன் மஞ்சள் விளக்கு தெரிந்தது. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. நீந்திவந்து கரைப்படியில் ஏறிவிட்டான் என்று நினைத்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"டேய், வந்துட்டியா?"

தண்ணீர் மட்டும் கொட்டியது.

"உன்னைத்தான். மேல வந்துட்டியா இல்லையா?"

கதவின் உட்புறம் தட்டு விழுந்தது.

தொப். தொப்.

அக்காவிடம்கூட விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே வாக்கி-டாக்கியை எடுத்தார். இழுவைப் படகை ஓட்டுகிறவரைத் துறையில் சுருட்டு மாமா என்பார்கள். வாயில் எந்நேரமும் பற்றவைக்காத சுருட்டு இருக்கும்.

"மாமா, பையன் மேல வந்துட்டான். இழுங்க."

"சரிம்மா."

தூரத்தில் எஞ்சின் உறுமியது. நீரில் கிடந்த வடம் சொட்டச் சொட்ட மேலெழும் ஓசை கேட்டது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தத் தட்டு கதவின் மேற்பாதியில் விழவில்லை. அவருடைய முழங்கால் உயரத்தில் விழுந்தது.

கீழே பார்த்தார்.

வாசலில் தம்பியின் காலணிகள் அவர் வைத்தபடியே இருந்தன. உலர்ந்த காலணிகள். உள்ளே திணித்த காலுறைகள். வாசல் கல்லில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நனைந்த கால் ஒன்றுகூட அந்த வாசலைத் தாண்டவில்லை.

கதவைத் தள்ளினார். தாழ் போடவில்லை. திறந்துகொண்டது.

யாரும் இல்லை.

தண்ணீர் கொட்டியது. குளிர்ந்த தண்ணீர். தரை முழுவதும் கருப்புச் சேறு... துறையின் அடியில் மட்டுமே கிடக்கிற சேறு.

"மாமா, நிறுத்துங்க. நிறுத்துங்க. அவன் கீழ இருக்கான்."

"என்னம்மா சொல்ற? இப்பதானே ரெண்டு தட்டு எனக்கே கேட்டுச்சு."

"எங்க?"

வாக்கி-டாக்கியில் மாமாவின் குரல் தாழ்ந்தது.

"என் காலுக்குக் கீழ... படகுக்கு அடியில."

எஞ்சின் நின்றது.

மேலாளர் ஓடினார். மேடை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் மண்டியிட்டார். மூன்று முறை இடித்தார். உள்ளங்கையைப் பலகைமேல் விரித்து வைத்தார்.

டங்.

கைக்கு நேர் கீழே அதிர்ந்தது.

தொப்.

அது அதிரவில்லை. குளிர்ந்தது.

கடப்பாரையைப் பலகை இடுக்கில் செருகினார். நெம்பினார். ஆணி முனகியது. பலகை பெயர்ந்தது.

கீழே கறுத்த நீர். நீருக்குள் ஒரு கண்ணாடி முகமூடி.

முகமூடிக்குள் தம்பியின் கண்கள்.

அவை அக்காவைப் பார்க்கவில்லை.

அவனுக்குப் பக்கத்தில்... எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

"மாமா, வடத்தைத் தளர்த்துங்க," என்று கத்தினார். வடம் தளர்ந்தது. சங்கிலி தளர்ந்தது. தம்பியின் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். வந்தான். முதுகுச் சிலிண்டரில் இன்னும் சில மூச்சுகளுக்கான காற்றே மிச்சமிருந்தது.

அவன் கையில் ஸ்பேனர் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை எடுக்க முடிந்தது.

மறுநாள் மேயர் வந்தார். வளைவு ஒளிர்ந்தது. மாலைகள் விழுந்தன. மேலாளர் அங்கே இல்லை. மருத்துவமனையில் தம்பியின் கட்டிலருகே இருந்தார். கால் எலும்பில் விரிசல். பிழைத்துக்கொண்டான். மத்தியானம்தான் வாய் திறந்தான்.

"கால் மாட்டிக்கிச்சுக்கா. நீ இடிச்சதும் கேட்டுச்சு. நான் ஒண்ணுதான் தட்டினேன்."

"ரெண்டு கேட்டுச்சேடா."

"ஒண்ணுதான். பொறுன்னு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணே ஒண்ணுதான் தட்டினேன்." கூரையைப் பார்த்தான். "நான் ஒண்ணு தட்டினதும் என் காதுகிட்டவே... இன்னொண்ணு தட்டுச்சு."

"யாரு?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்கு இன்றுவரை பதில் சொன்னதில்லை.

அன்று மாலை, செய்தி கேள்விப்பட்டு, ஓய்வுபெற்ற பழைய மேலாளர் மருத்துவமனைக்கு வந்தார். மேலாளர் அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். இவர் எதையும் சொல்லத் தொடங்குமுன் அவரே கேட்டார்.

"முதல் தட்டு இரும்பு. ரெண்டாவது ஈரக் கை. அப்படித்தானேம்மா?"

மேலாளர் தலையசைத்தார்.

"என் காலத்துல தண்ணிக்குள்ள முங்கற டைவர் ஒருத்தன். இதே கிழக்கு மேடைதான். ரெண்டு தட்டு கேட்டுச்சு, நான்தான் இழுக்கச் சொன்னேன். சங்கிலியில நசுங்கிச் செத்தான். விசாரணையில என்ன எழுதினாங்க தெரியுமா? ஆளே தப்பாத் தட்டிட்டான், தப்பு அவன்மேலன்னு எழுதினாங்க. வீட்டுக்கு ஒண்ணும் குடுக்கல."

செத்தவன் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம். அவன் எழுந்து வந்து, நான் ஒன்றுதான் தட்டினேன் என்று சொல்லப்போவதில்லை அல்லவா?

"அப்ப... நேத்து தட்டினது அவருதானா சார்? அந்தக் கோபத்துலயா?" என்றார் மேலாளர்.

பழைய மேலாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கேட்டது புரியலையாம்மா? அந்த ஈரக் கை... அவன் சாகறதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

தட்டும் வழக்கம் அந்த வாரமே ஒழிந்தது. முகத்தைக் கண்ணால் காணாமல் வடத்தை அசைக்கக் கூடாது என்று மேலாளர் உத்தரவு போட்டார். கருவி வாங்கித் தராவிட்டால் ஒருவரும் நீரில் இறங்கமாட்டோம் என்று துறையே திரண்டு நின்றது. நகராட்சி வாங்கித் தந்தது. செத்தவரின் மனைவிக்கு நியாயம் கேட்டு மேலாளர் போட்ட மனு மட்டும் இன்னும் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

பழைய மேடையைக் கரைக்கு இழுத்து, கிடங்கின் பின்புறம் சிமெண்டுத் தரையில் போட்டிருந்தார்கள். அடியில் நீர் இல்லை. சேறு இல்லை. வெயிலில் காய்ந்த இரும்பும் பலகையும்தான். உடைத்து விற்க ஆள் வரும்வரை கிடக்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.

ஒரு நண்பகலில் மேலாளர் அந்தப் பக்கம் போனார். நின்றார். ஏன் அப்படிச் செய்தார் என்பது அவருக்கே தெரியாது. கையிலிருந்த சாவிக் கொத்தால் பலகையை மூன்று முறை தட்டினார்.

ஒன்றும் இல்லை.

திரும்பினார்.

டங்.

இரும்பு. ஒரே ஒரு தட்டு. மிதவைக்குள்ளிருந்து... மெதுவாக... அலுத்துப்போனவர் தட்டுவதுபோல.

பொறு. நான் இன்னும் கீழே இருக்கிறேன்.

மேலாளர் பொறுத்தார். அந்த மனிதருக்காக யாரும் பொறுக்காத அந்தச் சில நொடிகளை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்று பொறுத்தார்.

இரண்டாவது தட்டு மேடையிலிருந்து வரவில்லை.

அவருடைய காலுக்குக் கீழே, சிமெண்டுத் தரைக்குள்ளிருந்து வந்தது.

தொப்.