இலக்கம் நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பொம்மைக் கடை

பார்சல் கவுண்டரில் நிற்பவன் பெட்டியின் நீளம், அகலம், எடை பார்த்தால் போதும். உள்ளே என்ன என்று கேட்காமல் இருப்பதும் அவன் வேலைதான். பதுளை பஜாரில் பதினொரு வருடமாக அப்படித்தான் நிற்கிறேன். போனில் படம் பார்த்துச் சாமான் வாங்கி ஏமாந்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியாது. கூச்சப்படாமல் படியுங்கள், நான் பட்ட கூச்சமே எல்லோருக்கும் போதும்.

ரைஸ் குக்கர்

ஹாலிஎலப் பக்கத்து அம்மா ஒருவர் ரைஸ் குக்கருக்குப் பணம் கட்டியிருந்தார். பெட்டியை என் முன்னாலேயே பிரித்தார். உள்ளே பழைய பேப்பரில் சுற்றிய செங்கல். அன்றிலிருந்துதான் பணம் கட்டுமுன் கடையை விசாரித்துச் சொல்லும் வேலையும் என்னிடம் வந்தது. என் வழி ஒன்றுதான்: கடை எந்த ஊர் என்று பார்த்து, அந்த ஊரில் பார்சல் கொண்டுபோகும் எங்கள் ஆளிடம் கேட்பேன். எந்த வாசலில் யார் என்று அவனுக்குத்தான் தெரியும்.

அந்த அம்மா செங்கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு அனுப்பியிருக்கான் பாருங்க. மூணா அனுப்பியிருந்தா அடுப்பாவது கூட்டியிருப்பேன்."

ஆறு பேரை முன்னால் விட்டவர்

மடுல்சீமையிலிருந்து செல்லையா வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, ஐம்பது வயதிருக்கும். தனக்குப் பின்னால் வந்த ஆறு பேரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, யாரும் இல்லாதபோது போனைக் கவிழ்த்து வைத்தார். "இந்தக் கடைய கொஞ்சம் விசாரிக்கணுங்க."

திருப்பிப் பார்த்தேன். உடுப்பில்லாமல் ஒரு பெண். உடனே கவிழ்த்துவிட்டேன். பெண் இல்லை, பொம்மை என்றார். ஆள் உயரம், பெரிய ஆம்பிளைகள் வாங்குவது என்றார். உலகத்தில் இப்படி ஒரு சாமான் விற்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவி இறந்து ஆறு வருடமாம். பிள்ளைகள் இல்லை. நான் கேட்காமலே சொன்னார்: "நீங்க நெனைக்கிறதும்தாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா கதவத் தொறந்தா வீட்டுக்குள்ள யாரோ உக்காந்திருக்க மாதிரி இருக்கணும்."

மேரி வாசித்தது

அந்தக் கடையின் பக்கம் முழுக்க இங்கிலீஷ். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கம்ப்யூட்டரில் பில் போடும் மேரியிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. அவர் சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர். படங்களின் மேல் பில் புத்தகத்தை வைத்து மறைத்து, எழுத்தை மட்டும் வாசிக்கச் சொன்னேன். மேரி புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசித்தார்.

நான் குறித்துக்கொண்டேன். பொம்மைகள் பதினெட்டு, ஏழு படத்தில் அதே கட்டில், அதே தலையணை. வாங்கியவர்களின் பாராட்டு ஐந்து. பெயர்தான் வேறு, நான்கு வரியும் ஒன்றே. சுங்கத்தில் பிடிக்கவே மாட்டார்கள் என்று மூன்று இடத்தில். கடை கொழும்பில் ஒரு தெருவில், இலக்கம் நூற்றுப் பன்னிரண்டு. எங்கள் கொழும்பு ஆளிடம் கேட்டேன். அந்தத் தெரு அறுபத்து நான்கோடு முடிகிறது, பிறகு வாய்க்கால் என்றான்.

மேரி சிரிக்காமல் சொன்னார்: "பொம்மைக்கு உடுப்புத்தான் இல்ல. இவனுக்கு வீடே இல்லியே அண்ணே."

அக்காவின் நம்பர்

பணம் கட்டாதீர்கள் என்று சொல்லப் போன் எடுத்தேன். செல்லையா எடுக்கவில்லை. மறுநாள் நேரில் வந்தார். என்னிடம் விசாரிக்க வருவதற்கு முன்பே அந்தக் கடைக்கு அடையாள அட்டையை இரண்டு பக்கமும் படம் பிடித்து அனுப்பியிருந்தார். இன்னொரு நம்பர் கேட்டார்களாம். தோட்டத்தில் அடுத்த லயத்து வீட்டில் இருக்கும் அக்காவின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். இப்போது மெசேஜ் வந்திருந்தது: இரண்டு நாளில் முழுப் பணமும் கட்டு, இல்லாவிட்டால் அக்காவுக்கு உன் அட்டையும் நீ கேட்ட பொம்மையின் படமும் போகும்.

அந்தக் கடையில் பொம்மையே கிடையாது. பொம்மை வரவில்லை என்று யார் போலீசுக்குப் போவார்கள் என்று கணக்குப் போட்டே கடை வைத்திருக்கிறான்.

"கட்டினா நாளைக்கும் கேப்பான். அவன் சொல்லுமுன்ன நீங்க சொல்லிருங்க" என்றார் மேரி. அடுத்த நாள் அக்காவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக். அங்கிருந்து நேரே கவுண்டருக்குக் கூட்டிவந்த செல்லையா, நீங்களே சொல்லுங்க என்று தராசுப் பக்கம் ஒதுங்கினார். எனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னேன்: நீளம் நாலு அடி பத்து அங்குலம், எடை இருபத்தெட்டு கிலோ, பெண் உருவம், ஏமாற்றுக்காரக் கடை, இப்போது மிரட்டுகிறான்.

அக்கா என்னிடம் சொன்னார்: "ஒரு மாசமா போன ஒளிச்சு ஒளிச்சுப் பாத்தாங்க ஐயா. கசிப்புச் சாராயக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டானோன்னு ரெண்டு கோயிலுக்கு நேந்துகிட்டேன். பொம்மதானே? டேய், இன்னைலருந்து சோத்துக்கு என் வீட்டுக்கு வா."

இப்போது யாராவது போனைக் கவிழ்த்து வைத்தால், கடையின் இலக்கத்தைக் கேட்பதற்கு முன்னால் வீட்டில் அக்கா இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்கிறேன்.